படகு ஆப்பில் தகராறு உள்ள இடங்களுக்கு எந்தப் பெயரைப் போடுவது?

#1 தக்கலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஆழ்கடலில் தங்கல் தொழிலுக்குப் போகிற படகுகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். எங்கே தூண்டில் போட்டார்கள், என்ன மீன், எத்தனை கிலோ, டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்பதையெல்லாம் இப்போது ஒரு நீள நோட்டில் எழுதுகிறார்கள், அது உப்புத்தண்ணீரில் ஊறி, கரைக்கு வந்து பங்கு பிரிக்கிற நேரத்தில் பாதியை வாசிக்க முடிவதில்லை, வாசிக்க முடியாத பாதியில்தான் எப்போதும் சண்டை. அதை மொபைலுக்குக் கொண்டுவர வேண்டும், நெட் இல்லாமலும் ஓட வேண்டும். கஷ்டமான வேலை எல்லாம் முடிந்து இப்போது ஒரு டிராப்டவுனில், அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற பெட்டியில், வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"நாடு / கடல் பகுதி" என்று ஒரு ஃபீல்டு. நாட்டுப் பட்டியலை ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜிலிருந்து எடுத்தோம். அதில் தைவானுக்கு நேரே சீனாவின் மாகாணம் என்று இருக்கிறது. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ கிடையவே கிடையாது. நம்ம தூத்தூர் பக்கத்துப் படகுகள் சுறாவுக்கும் கேரை மீனுக்கும் இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவு வரைக்கும் போகிறவை, அந்த இடத்துக்குப் பட்டியலில் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்று பெயர். கடல் பெயர்ப் பட்டியலில் பாரசீக வளைகுடா. பஹ்ரைனில் படகு ஓட்டுகிற நம்ம ஊர்க்காரர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "முதலாளி இதைப் பார்த்தால் என் வேலை போயிடும், அரபு வளைகுடா என்று மாற்று" என்றார். மாற்றி அனுப்பினோம். ஈரானில் கிஷ் தீவில் இருக்கிறவர் போன் பண்ணி, "இதை இங்கே வெளியே எடுக்கவே முடியாது தம்பி" என்கிறார். இரண்டு பேரும் ஒரே ஊர், அதிலும் மச்சான்கள்.

யார் சொல்கிற பெயரைப் போடுவது? இதை முன்னால் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 கோட்டாறு_புதுசு

உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் நாட்டுப் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போட்டுவிடுங்கள் அண்ணா. யாராவது சண்டைக்கு வந்தால் ஐ.எஸ்.ஓ.விடம் போய்க் கேள் என்று சொல்லிவிடலாம். எல்லா கம்பெனியும் அதைத்தானே செய்கிறது.

#3 தோவாளை_மல்லி

எல்லா கம்பெனியும் அதைச் செய்வதில்லை தம்பி. பல வருஷமாகத் தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் இதே மாதிரிப் பட்டியல்களோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அந்த நாட்டுப் பட்டியலுக்குப் பெயர் ஐ.எஸ்.ஓ. 3166, அதில் உள்ள பெயர்கள் ஐ.நா.வின் ஆவணங்களிலிருந்து வருகிறவை. ஐ.நா.வில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடைய பார்வை அது. தைவானுக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். கொசோவோவுக்குக் குறியீடு இல்லை என்பதும் அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பலர் எக்ஸ்.கே. என்ற குறியீட்டை வைத்து ஒப்பேற்றுகிறார்கள், அது பயனர்கள் தாங்களாகவே வைத்துக்கொள்ளலாம் என்று காலியாக விடப்பட்ட வரிசையில் வருவது. பாலஸ்தீனம் 2013-க்கு முன் ஒரு பெயரில் இருந்தது, பிறகு பாலஸ்தீன அரசு என்று ஆனது. ஆக ஐ.எஸ்.ஓ.வைப் போடுவதும் ஒரு பக்கம் சாய்வதுதான், யார் பக்கம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எல்லா மொழி எழுத்துக்கும் கணினிக் குறியீடு வைக்கிற யூனிகோட்காரர்கள், இடப் பெயர்களை மொழிவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிற சி.எல்.டி.ஆர். தரவு இதில் கொஞ்சம் பரவாயில்லை. அங்கே தைவான் வெறும் தைவான், ஹாங்காங்குக்குப் பின்னால் சீனா என்று ஒட்டு உண்டு, கொசோவோவும் இருக்கிறது. நீங்கள் சொல்கிற தீவுக்கு ஆங்கிலத்தில் சாகோஸ் தீவுக்கூட்டம் என்று ஒரு மாற்றுப் பெயர் கூட உண்டு. மொபைலில் நாட்டுப் பெயர்களைத் தமிழில் பார்க்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

பட்டியலுக்குத் தலைப்பு என்ன என்பதும் முக்கியம். 2018 ஜனவரியில் மேரியட் ஹோட்டல்காரர்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய ஒரு கேள்வித்தாளில் இதே மாதிரிப் பட்டியலில் திபெத், ஹாங்காங், மக்காவ், தைவான் நான்கையும் நாடு என்று போட்டுவிட்டார்கள். சீனாவில் அவர்களுடைய இணையதளத்தையும் ஆப்பையும் ஒரு வாரம் மூட வைத்தார்கள். அதே வருஷம் சீன விமானத் துறை உலகத்தில் உள்ள விமான நிறுவனங்களுக்கெல்லாம் ஓலை அனுப்பியது, நம்ம ஏர் இந்தியாவே தன் தளத்தில் தைவானை சைனீஸ் தைபே என்று மாற்றியது. அமெரிக்க நிறுவனங்கள் சில நாட்டுப் பெயரையே எடுத்துவிட்டு தைபே என்று ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்தன. "நாடு" என்று எழுதாமல் "நாடு / பகுதி" என்று எழுதுகிற வழக்கம் இந்த மாதிரி அடி வாங்கியவர்களிடம்தான் அதிகம். மூன்று எழுத்துச் சேர்த்தால் தப்பிக்கலாம் என்றால் சேர்த்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று, இது அரசியலை விட முக்கியம். டேட்டாபேஸில் பெயரைச் சேமிக்காதீர்கள். இரண்டெழுத்துக் குறியீட்டையும் நம்பாதீர்கள். சி.எஸ். என்பது செக்கோஸ்லோவாக்கியா, அது பிரிந்த பிறகு 2003-இல் அதே எழுத்தைத் தூக்கி செர்பியா மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள், 2006-இல் அதுவும் இல்லை. பர்மாவுக்கு பி.யு., மியான்மர் ஆனதும் எம்.எம். ஆனால் ஐ.நா. புள்ளியியல் பிரிவின் மூன்றிலக்க எண் இருக்கிறதே, அதில் பர்மாவும் 104, மியான்மரும் 104. பெயர் மாறினால் எண் மாறாது, நிலப்பரப்பு மாறினால்தான் மாறும். தென் சூடான் பிரிந்தபோது சூடானுக்கு 736 போய் 729 வந்தது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

#4 சின்னத்துறை_சிராங்கு

வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தம்பி, படகில் நாங்கள் எந்த இடத்துக்கும் நாட்டுப் பெயர் சொல்வதில்லை. ஜி.பி.எஸ்.ஸில் பாயிண்ட் இருக்கும், அதற்கு நாங்களே ஒரு பெயர் வைத்திருப்போம், வயர்லெஸ்ஸில் அதைத்தான் சொல்லுவோம், அதுவும் சொந்தக்காரனுக்கு மட்டும். நல்ல மீன் கிடைத்த பாயிண்ட்டை ஆப்பில் போடு என்றால் எவன் போடுவான் என்பதை முதலில் யோசியுங்கள், நாட்டுப் பெயர் பிறகு.

#5 குழித்துறை_வக்கீல்

பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆப்பில் மேப் உண்டா? உண்டு என்றால் இதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

1961-ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டத் திருத்தத்தில் இரண்டாம் பிரிவு. இந்தியாவின் எல்லையை, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு வரும்படி கேள்விக்குள்ளாக்கினால் மூன்று வருஷம் வரை சிறை. 1990-இல் அதில் ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள்: மத்திய அரசின் சர்வே ஆஃப் இந்தியா வெளியிடுகிற படத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்த உட்பிரிவில் கெட்ட எண்ணம் இருந்ததா என்கிற கேள்வியே எழுதப்படவில்லை. படம் ஒத்துப்போகிறதா இல்லையா, அவ்வளவுதான். 2015-இல் அல் ஜசீரா சேனலை ஐந்து நாள் நிறுத்தி வைத்தது தெரியும்தானே, காரணம் காஷ்மீர் படம்தான். 2016-இல் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று ஒரு மசோதா வரைவு வந்தது, அது சட்டமாகவில்லை. 2021-இல் வரைபடத் தரவு விதிகளை நிறையத் தளர்த்தினார்கள், ஆனால் எல்லைக்கோடு விஷயத்தில் தளர்வு எதுவும் இல்லை.

தைவானை என்ன சொல்கிறீர்கள் என்பதற்கு இங்கே யாரும் கேஸ் போடப் போவதில்லை. காஷ்மீர், அருணாச்சலம், அக்சாய் சின் இந்த மூன்றும் வேறு.

#6 தக்கலைக்காரன்

மேப் உண்டு சார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல்ஸ், பொதுமக்கள் சேர்ந்து வரைகிற இலவச மேப்பின் படத்துண்டுகள்.

#7 குழித்துறை_வக்கீல்

அதை அப்படியே போட்டிருந்தால் முதலில் எடுங்கள்.

#8 தோவாளை_மல்லி

வக்கீல் சார் சொல்வது சரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கொள்கை, தரையில் யார் கையில் இருக்கிறதோ அதை வரைவது. அது அவர்களுக்கே எளிதாக இருந்ததில்லை. கிரைமியாவை 2014-லிருந்து உக்ரைன், ரஷ்யா இரண்டு நாட்டுக்குள்ளும் வரும்படி வைத்திருந்தார்கள், 2018 கடைசியில் தரவுக் குழு ரஷ்யா மட்டும் என்று மாற்றியது, அடுத்த மாதமே நிர்வாகக் குழு அதைத் திருப்பிப் போட்டது. சார்ட் வரைகிற லைப்ரரிகள் பல நேச்சுரல் எர்த் என்ற தரவை எடுக்கின்றன, அதிலும் அதே கதைதான், காஷ்மீர் வெட்டப்பட்டிருக்கும். நம்ம ஊர் ஆட்கள் பிரசன்டேஷனுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது இங்கேதான். இப்போது அவர்களே இந்தியப் பார்வை, சீனப் பார்வை, பாகிஸ்தான் பார்வை என்று தனித்தனிக் கோப்புகள் கொடுக்கிறார்கள்.

பழைய கதை ஒன்றும் உண்டு. விண்டோஸ் 95-இல் டைம்ஸோன் தேர்ந்தெடுக்கிற இடத்தில் ஒரு சின்ன உலகப் படம் வரும், ஞாபகம் இருக்கலாம். மைக்ரோசாப்டில் இந்த வேலையைப் பார்த்தவர் 2004-இல் சொன்னது: எட்டு லட்சம் பிக்சலில் எட்டே எட்டு பிக்சல், காஷ்மீர் இருக்கிற இடம், வேறு பச்சையில் இருந்தது. இந்தியாவில் விற்பனைக்குத் தடை, இரண்டு லட்சம் பிரதியைத் திரும்ப வாங்கினார்கள். எட்டு பிக்சல்! நாம் பட்டன் பார்டருக்குக் கொடுப்பது அதைவிட அதிகம்.

கூகுள் செய்வது என்னவென்றால் பார்க்கிறவனுக்குப் பிடித்த கோட்டைக் காட்டுவது. இங்கிருந்து பார்த்தால் காஷ்மீர் முழுக்கோடு, வெளிநாட்டிலிருந்து பார்த்தால் புள்ளிக்கோடு. 2025 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவுக்கும் அதே வைத்தியம்: அமெரிக்காவில் இருப்பவருக்கு அமெரிக்க வளைகுடா, மெக்சிகோவில் பழைய பெயர், மற்றவர்களுக்கு இரண்டும். தக்கலைக்காரர் பாரசீக, அரபுப் பிரச்சனைக்கும் இதைச் செய்யலாம். மச்சான்கள் இருவருக்கும் அவரவர் திரை. எனக்கு இது பிடிக்காது என்றாலும், வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் பிடித்தத்தை விடப் பெரிது.

#9 கோட்டாறு_புதுசு

பேரே போடாமல் விட்டுவிட்டால்? வெறும் நீலம்.

#10 தோவாளை_மல்லி

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2012-இல் கூகுள் மேப்பில் அந்த வளைகுடாவுக்குப் பெயர் இல்லாமல் இருந்தது, ஈரான் வெளியுறவுத் துறை வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. பேசாமல் இருப்பதற்கும் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் தம்பி.

#11 வேளிமலை

இளைஞர்கள் பேசுவதில் வயதானவன் தலையிடுகிறேன். நீங்கள் தைவான், கொசோவோ என்று தூரமாகப் போகிறீர்கள். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது வீட்டுக்குள்ளேயே இருக்கிற விஷயம்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-இல், அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி மாநிலம், அதற்கும் முன்னால் திருவிதாங்கூர் சமஸ்தானம். நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் போராடி, 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்து வந்த பெயர் இது. தேவிகுளம், பீர்மேடு கேட்டோம், வரவில்லை. நெய்யாற்றின்கரையும் அந்தப் பக்கமே நின்றது. 1950-இல் விளவங்கோட்டில் பிறந்த ஒருவர் உங்கள் ஃபார்மில் பிறந்த மாநிலம் என்ற பெட்டியில் என்ன போட வேண்டும்? தமிழ்நாடு என்று போட்டால் அவருடைய பழைய சர்ட்டிபிகேட்டோடு ஒத்துப்போகாது. திரு-கொச்சி என்று ஒன்று பட்டியலிலேயே இல்லை. இந்தக் கூத்தில் ஒரு ஆன்லைன் விண்ணப்பம் (எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம்) என் தமையனாரை கேரளத்தில் பிறந்தவர் ஆக்கிவிட்டது. கேரளம் உண்டானதே அவருக்கு மீசை முளைக்கிற வயதில்தான்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். நிற்கிற இடம் தக்கலைக்குப் பக்கத்தில், கல்குளம் தாலுகா, தமிழ்நாடு. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கொடுப்பதும் அவர்கள் ஆட்கள். திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டினால் எந்த மாநிலத்தாரும் திறக்க மாட்டார்கள், அது வேறு. சுற்றுலா ஆப் ஒன்றில் இந்த அரண்மனையைத் தேடினால் கேரளத்தில் காட்டியது. எழுதிய பையன் பொய் எழுதவில்லை. அவனிடம் மாநிலம் என்று ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது, அதில் யார் நடத்துகிறார்களோ அவர்கள் பெயரைப் போட்டுவிட்டான். எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, யார் தனது என்கிறார்கள், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, இது நாலும் தனித்தனிப் பெட்டி. ஒன்றாகப் போட்டால் சண்டைதான் மிச்சம்.

#12 தோவாளை_மல்லி

ஐயா, இதைத்தான் நான் மூன்று பத்தியில் சொல்ல முயன்றேன்.

டைம்ஸோன் தரவுத்தளத்தை வைத்திருப்பவர்கள் நாட்டுப் பெயரையே தொடாமல் ஊர்ப் பெயரை வைத்துச் சமாளிப்பதற்கும் இதுதான் காரணம். நாடு மாறினாலும் ஊர் அங்கேயே இருக்கும். அப்படியிருந்தும் தப்பவில்லை. ஏசியா/கல்கத்தாவை ஏசியா/கொல்கத்தா ஆக்கினார்கள், ஐரோப்பா/கீவ் எழுத்துக்கூட்டலை 2022-இல் உக்ரைன்காரர்கள் எழுதுகிறபடி மாற்றினார்கள். ஆனால் பழைய பெயர் இன்னும் வேலை செய்யும், புதுப் பெயருக்குக் கை காட்டிவிடும். பழைய பெயரை அழிக்காதீர்கள் என்பது நல்ல பழக்கம்.

#13 பாறசாலை_பஸ்

கச்சத்தீவை இந்தியா என்று போடுங்கள். அதைச் செய்தால் போதும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

#14 குழித்துறை_வக்கீல்

1974 ஒப்பந்தம் சரியா தவறா என்பதற்கு இந்த இழை போதாது. கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஆப்பில் இந்தியா என்று போட்டு, அதை நம்பி ஒருவன் கோட்டைத் தாண்டினால் அவனைப் பிடித்துக்கொண்டு போவது ஆப் அல்ல. 1976 ஒப்பந்தத்தையும் சேர்த்துப் படியுங்கள், நம்ம குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்கிற மீன்பிடித் திட்டு இந்தியாவுக்கு என்று தெளிவாக ஆனது அதில்தான். நம்ம மாவட்டத்துக்கு அது பெரிய விஷயம்.

#15 சின்னத்துறை_சிராங்கு

வக்கீல் சொன்ன இடத்துக்குத்தான் நான் வர நினைத்தேன். டீகோ கார்சியா பக்கம் பிடிபட்டவர்கள் எங்கள் கரையில் உண்டு. பிடிப்பது பிரிட்டிஷ்காரன். படகைப் பூட்டுவான், மீனை எடுப்பான், பைன் கட்டச் சொல்லுவான். அந்தத் தீவைத் தன்னுடையது என்கிற மொரீஷியஸின் பெயர் ஆப்பில் எழுதியிருந்தது என்று காட்டினால் விடுவானா? நீங்கள் சாகோஸ் என்று வையுங்கள், பிரிட்டிஷ் என்று வையுங்கள், எனக்கு வேண்டியது இந்தத் தண்ணியில் இப்போது யார் ரோந்து சுற்றுகிறான் என்பது.

#16 தக்கலைக்காரன்

அண்ணன் சொல்வதில் ஒரு பாதிதான் எனக்கு ஒப்புதல். அந்தத் தீவின் பெயர் பிரிட்டனுக்கும் மொரீஷியஸுக்கும் மட்டும் உள்ள வழக்கு அல்ல. 1965-இல் மொரீஷியஸிலிருந்து வெட்டி எடுத்து பிரிட்டன் வைத்த பெயர் அது, அங்கே இருந்த சனத்தை 1973-க்குள் மொத்தமாக வெளியேற்றிவிட்டு ராணுவத் தளம் கட்டினார்கள். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் பிரித்தது சட்டப்படி சரியில்லை என்று கருத்துச் சொன்னது, மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவு, 6 எதிர்ப்பு. 2021-இல் உலகத் தபால் ஒன்றியம் அந்தப் பெயர் போட்ட ஸ்டாம்பு செல்லாது என்றது. 2025 மே 22-இல் பிரிட்டனே தீவுகளை மொரீஷியஸுக்குத் தருவதாகவும் டீகோ கார்சியாவை 99 வருஷக் குத்தகைக்கு வைத்துக்கொள்வதாகவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. இத்தனைக்குப் பிறகும் என் டிராப்டவுனில் அந்தப் பழைய பெயர் மட்டும் இருந்தால், ஊரை விட்டுத் துரத்தியவன் வைத்த பெயரை நானும் சேர்ந்து சொல்கிறேன் என்றாகிறது. அதனால் திரையில் சாகோஸ் தீவுகள். தேடினால் பழைய பெயரிலும் கிடைக்கும். ரோந்து யார் என்பது தனி ஃபீல்டு, அதில் பிரிட்டன். வேளிமலை ஐயாவின் பெட்டிக் கணக்குதான். அங்கே 2010-லிருந்து வணிக மீன்பிடிப்புக்குத் தடை என்பதும் அதே இடத்தில் சிவப்பில் வரும்.

#17 கோட்டாறு_புதுசு

வளைகுடாவுக்கு அண்ணா? இரண்டு பெயரையும் நடுவில் கோடு போட்டு எழுதினால் நடுநிலையாகிவிடுமே.

#18 வேளிமலை

எது முதலில் வரும் மக்களே? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரா சித்தப்பா பெயரா என்று கேட்ட மாதிரி ஆகிவிடும்.

#19 தோவாளை_மல்லி

ஐயா ஒரே போடாகப் போட்டுவிட்டார். கொரியாவும் ஜப்பானும் இதற்காகவே பல பத்து வருஷம் சண்டை போட்டார்கள், ஜப்பான் கடலா கிழக்குக் கடலா என்று. சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு 1953-இல் போட்ட கடல் எல்லைப் புத்தகத்தை அதனாலேயே புதுப்பிக்க முடியாமல் இருந்தார்கள். கடைசியில் 2020-இல் எடுத்த முடிவு என்ன தெரியுமா, இனிமேல் கடலுக்குப் பெயர் வேண்டாம், எண் போதும் என்று புதுத் தரவு. உங்கள் துறையிலேயே எண் ஏற்கெனவே உண்டு தக்கலைக்காரரே. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. பிரித்த மீன்பிடிப் பகுதிகளில் மேற்கு இந்தியப் பெருங்கடல் 51, கிழக்கு 57. வளைகுடா, அரபிக்கடல் எல்லாம் 51-க்குள் வந்துவிடும். ஏற்றுமதிக்குப் போகிற மீனுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள், அதனால் இது ஒளிந்துகொள்கிற வழி மட்டுமில்லை, வேலைக்கும் ஆகும்.

#20 தக்கலைக்காரன்

ராத்திரி உட்கார்ந்து பேசினோம். செய்யப்போவதைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

மீன் பிடித்த இடத்துக்கு நாடு என்ற ஃபீல்டே இல்லை. யோசித்துப் பார்த்தால் அது ஏன் இருந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை, ஏதோ ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அட்சரேகை, தீர்க்கரேகை, எஃப்.ஏ.ஓ. எண், போதும். பாயிண்ட் போனை விட்டு வெளியே போகாது, சிராங்கு அண்ணன் முதலில் கேட்டதற்கு அதுதான் பதில். கடல் பெயர் திரையில் வேண்டும் என்றால் ஆளுக்கு ஆள் செட்டிங்கில் எழுதிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் "வளைகுடா" என்று மட்டும் வரும். நம்ம வீடுகளில் அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை, கல்ஃப் என்றால் கல்ஃப்தான். தொழிலாளியின் குடியுரிமை கேட்கிற இடத்தில் மட்டும் நாட்டுப் பட்டியல் உண்டு, சி.எல்.டி.ஆர். பெயர்கள், தலைப்பு "நாடு / பகுதி".

மேப் பற்றி. முதலில் 31 டிகிரிக்கு வடக்கே வெட்டிவிடலாம் என்று நினைத்தோம், வளைகுடாவின் மேல் முனை 30-ஐ ஒட்டி வருகிறது, காஷ்மீர் 32-க்கு மேலே. ஆனால் அருணாச்சலம் 31-க்குக் கீழே இருக்கிறதே! அதனால் தரையில் எல்லைக்கோடே வேண்டாம் என்று முடிவு. கரை வரைக்கும் கடல், கரைக்கு உள்ளே ஒரே மண் நிறம், துறைமுகப் பெயர்கள், கலங்கரை விளக்கங்கள். முட்டம், தேங்காப்பட்டணம், குளச்சல், கொச்சி, கோவா, மாலத்தீவு எல்லாம் வந்துவிடும்.

#21 குழித்துறை_வக்கீல்

கரைக்கு உள்ளே கோடே இல்லாத படத்தை இந்திய வரைபடம் என்று சொல்லிக் கேஸ் போடுவது கஷ்டம் என்பது என் பார்வை. ஆனாலும் படத்தின் மேல் "இந்தியா" என்று தலைப்புப் போடாதீர்கள், கடல் படம் என்றே இருக்கட்டும். அப்புறம் கடலிலும் கோடு உண்டு. இலங்கையோடும் மாலத்தீவோடும் ஒப்பந்தம் போட்டுக் கோடு வரைந்திருக்கிறது. பாகிஸ்தானோடு இல்லை, குஜராத் எல்லையில் உள்ள சர் க்ரீக் ஓடைத் தகராறு இன்னும் தீராததால் அங்கே கடல் எல்லையே ஒத்துக்கொள்ளப்படவில்லை. குஜராத் பக்கம் போகிற படகுகளுக்கு என்ன காட்டுவீர்கள்?

#22 தக்கலைக்காரன்

இந்தியா சொல்கிற கோட்டைக் காட்டுவோம். ஆனால் அலாரம் அந்தக் கோட்டை வைத்து அடிக்காது. எந்தப் பக்கத்துக்காரன் உரிமை கொண்டாடுகிற கோடு நம்ம கரைக்கு அருகில் வருகிறதோ, அதற்கும் சில மைல் முன்னாலேயே அடிக்கும். அது அவன் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்வதாகாது. அவன் அங்கே வந்து பிடிக்கிறான், அதுதான் கணக்கு. அலாரம் கோடு திரையில் தெரியாது.

#23 பாறசாலை_பஸ்

அப்படியானால் கச்சத்தீவிலும் அவன் கோட்டுக்குப் பயந்து நிற்க வேண்டுமா? நம்ம இடத்தை நாமே விட்டுக்கொடுக்கிற சாப்ட்வேர்.

#24 வேளிமலை

விட்டுக்கொடுப்பதும் வாங்குவதும் டெல்லியில் நடக்கிற வேலை. படகில் இருக்கிற பிள்ளைகள் தலையில் அதை ஏற்றாதே.

#25 சின்னத்துறை_சிராங்கு

அலாரம் நல்ல யோசனை. ஆனால் போன் சத்தம் எஞ்சின் ஓடுகிறபோது கேட்காது, ராத்திரி வீல்ஹவுஸில் ஒருத்தன்தான் இருப்பான், அவனும் கண் அயர்ந்திருப்பான். தனியாக ஒரு ஹாரன் இழுத்து பேட்டரியில் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் தேங்காப்பட்டணத்தில் என் படகு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கரையில்தான் இருக்கும், வந்து மாட்டிப் பாருங்கள்.

#26 தக்கலைக்காரன்

சனிக்கிழமை வருகிறேன் அண்ணா. 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த ரிலே வாங்கி வர வேண்டும்.